கிளினிக் கொப்பியில் இன்னும் ஒரு வரி

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் சீனி வருத்தம், பிரஷர் கிளினிக்குகளை நடத்தும் வைத்தியர்கள், தாதியர்கள், பொதுச் சுகாதார மருத்துவ மாதுக்கள் அனைவருக்கும்,



மாதந்தோறும் என் தாயாரைக் கிளினிக்குக்குக் கூட்டிவரும் நான், அங்குள்ள வாங்கில் அமர்ந்திருப்பவர்களில் ஒருவராக இதை எழுதுகிறேன். முதலில் நன்றி. 2004 டிசெம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்த பிறகும், போர் நடந்த காலத்திலும், 2022 இல் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தபோதும் நீங்கள் கிளினிக் கதவைச் சாத்தவில்லை. கையில் காசில்லாத ஒருவர் குறுமண்வெளிப் பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்து வந்து, பரிசோதனை செய்து, மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்ப முடிகிறதென்றால் அதில் உங்கள் உழைப்பு இருக்கிறது. அந்த நன்றியோடுதான் ஒரு வேண்டுகோளையும் வைக்கிறேன்.

கிளினிக்குக்கு வரும் ஒவ்வொருவரும் திரும்பிப் போகும்போது, அடுத்த திகதி வரை தான் செய்யப்போகும் ஒரேயொரு காரியத்தைத் தானே தெரிந்தெடுத்துச் செல்லட்டும். என்ன, எவ்வளவு, எப்போது, கிழமையில் எத்தனை நாள் என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். அதைக் கிளினிக் கொப்பியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். அடுத்த முறை வரும்போது அதைப் பற்றியே முதலில் கேளுங்கள்.

2021 இல் நடந்த தேசிய ஆய்வு, இலங்கையில் வயதுவந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் உயர் குருதியமுக்கமும், ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு நீரிழிவும் இருப்பதாகக் காட்டியது. நாட்டில் நிகழும் மரணங்களில் பத்தில் எட்டுக்கு மேல் இவை போன்ற தொற்றாத நோய்களால்தான். இந்த நோய்களோடு ஒருவர் இருபது, முப்பது வருடம் வாழ்கிறார். ஒரு மாதத்தில் 720 மணித்தியாலம். அதில் உங்கள் முன்னால் அவர் அமர்ந்திருப்பது சில நிமிடங்கள். மிச்ச நேரமெல்லாம் அவர் அடுப்படியில், வயலில், தோணியில், கடையில், பேரப்பிள்ளைகளின் நடுவில் இருக்கிறார். அங்கே அவருக்கு வைத்தியர் அவரேதான். அந்த வைத்தியருக்கு நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம் என்பதே என் கேள்வி.

இப்போது சொல்லி அனுப்புவது இதுதான்: சீனியைக் குறையுங்க, சோத்தைக் குறையுங்க, உப்பைக் குறையுங்க, நடங்க, யோசிக்காதீங்க. ஐந்தும் சரியான புத்திமதிகள். ஆனால் வீட்டுக்குப் போனதும் ஒவ்வொன்றும் ஒரு கேள்வியாகிவிடுகிறது. காலையில் பிட்டு, மத்தியானம் சோறு, இரவில் இடியப்பம் என்றால் எந்த வேளையில் குறைப்பது? வேளாண்மை வெட்டும் நாளிலும் குறைப்பதா? உப்பு என்பது கறியில் போடும் உப்பு மட்டுமா, கருவாட்டிலும் கூனியிலும் ஊறுகாயிலும் இருப்பதும் சேர்த்தா? உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது. அது எல்லாவற்றையும் சேர்த்துத்தான். ஆனால் ஒரே சட்டியில் ஏழு பேருக்குச் சமைக்கும் தாய் தன் பங்கை எப்படி அளப்பாள்?

நடப்பதென்றாலும் எங்கே நடப்பது? காத்தான்குடியின் நெருக்கமான ஒழுங்கைகளில் ஒரு தாய் அந்தி நேரத்தில் தனியாக நடைப்பயிற்சி போவது இலகுவல்ல. வெல்லாவெளிப் பக்கம் பொழுதுபட்டால் யானை வரும். மகள் மத்திய கிழக்கில் வேலை செய்ய, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் அம்மம்மாவுக்குக் காலையில் அரை மணித்தியாலம் தனியாகக் கிடைக்குமா?

விடை தெரியாத கேள்விகளைச் சுமந்துகொண்டு ஒரு மாதம் கழித்து அவர் உங்கள் முன் வருகிறார். சீனி கூடியிருக்கிறது. "சொன்னாக் கேக்கிறதே இல்ல" என்ற ஏச்சு விழுகிறது. அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். அடுத்த முறை ஏச்சுக்குப் பயந்து இரண்டு நாள் முன்பிருந்தே சாப்பாட்டைக் குறைத்துவிட்டு வருகிறார். வெறும் வயிற்றில் எடுக்கும் பாஸ்டிங் சீனி எண் கொஞ்சம் அழகாகத் தெரிகிறது. யாருக்கு அதனால் பயன்?

நம் சனங்களுக்குக் கட்டுப்பாடு வராது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து திருக்குளிர்த்தி முடியும் வரை மச்சம் மாமிசம் தொடாத வீடுகள் இந்தக் கரையெங்கும் இருக்கின்றன. றமழான் மாதம் முழுவதும் பகலில் ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் மீன்பிடிக்கும் கைகளும் நெசவு நெய்யும் கைகளும் இருக்கின்றன. இந்த ஊர்களில் நேர்த்தி வைப்பவர் எவரும் "ஏதாவது நல்லது செய்கிறேன்" என்று நேர்வதில்லை. எந்தக் கோயில், எந்தத் திருவிழா, காவடியா, தீ மிதிப்பா, எத்தனை நாள் விரதம் எல்லாம் அந்தக் கணத்திலேயே முடிவாகிவிடும். நேர்ந்தவரும் அவரேதான். ஆகவே நிறைவேற்றுகிறார். குறிப்பாகச் சொன்னதும் தானாக ஏற்றதும்தான் நின்று நிலைக்கும் என்பது நம் பெரியவர்கள் வாழ்ந்து காட்டிய பாடம். அதைக் கிளினிக்குக்குள்ளும் கொண்டுவரச் சொல்கிறேன்.

ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. எட்வின் லொக், கரி லேதம் என்ற உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து கண்டது, "உங்களால் இயன்றதைச் செய்யுங்கள்" என்று கேட்பதைவிட, இன்னதை இவ்வளவு செய்யுங்கள் என்ற தெளிவான இலக்கே மனிதரை அதிகம் செய்யவைக்கிறது என்பதே. தாதியாகப் பயின்ற கேட் லோரிக் என்பவர், அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நாட்பட்ட நோயாளர்கள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்வதற்கான பயிற்சித் திட்டத்தை உருவாக்கினார். அதன் அச்சாணி ஒரு சிறு செயல் திட்டம். நோயாளர் தான் செய்ய விரும்புவதைச் சொல்கிறார். எவ்வளவு, எப்போது, கிழமைக்கு எத்தனை தரம் என்று முடிவெடுக்கிறார். கடைசியாக ஒரு கேள்வி: இதைச் செய்து முடிப்பேன் என்று பத்துக்கு எத்தனை நம்பிக்கை? ஏழுக்குக் கீழே சொன்னால் இலக்கைச் சின்னதாக்கித் திரும்பக் கேட்பார்கள்.

நம் கிளினிக்கில் அந்தப் பேச்சு எப்படி இருக்கும்? ஒரு தாயும் ஒரு தாதியும் பேசுவதை மனதில் வைத்துப் பார்க்கிறேன்.

"அம்மா, அடுத்த கிளினிக் வரைக்கும் உங்கட உடம்புக்காக ஒரு காரியம் மாத்தலாமெண்டா எதை மாத்துவீங்க?"

"என்னத்த மகள் மாத்துற? தேத்தண்ணிய மட்டும் விட ஏலாது."

"விட வேணாம். ஒரு நாளைக்கு எத்தின தேத்தண்ணி?"

"விடியவே ரெண்டு, பத்து மணிக்கு ஒண்டு, பின்னேரம் ரெண்டு. எல்லாத்துக்கும் ரெண்டு கரண்டி சீனி."

"அதுல எந்தத் தேத்தண்ணிக்குச் சீனி இல்லாட்டிப் பரவாயில்ல?"

"பத்து மணித் தேத்தண்ணிக்கு. அந்த நேரம் வேலை மும்முரம், ருசி ஆரு பாக்கிற?"

"கிழமையில எத்தின நாளைக்கு ஏலும்?"

"அஞ்சு நாள் எண்டு வையுங்க. வெள்ளியும் ஞாயிறும் வீட்ட ஆக்கள் வருவாங்க."

"செய்து முடிப்பீங்க எண்டு பத்துக்கு எத்தின நம்பிக்கை?"

"எட்டுப் போடுங்க."

கொப்பியில் ஒரு வரி ஏறுகிறது: "10 மணித் தேத்தண்ணி சீனி இல்லாமல், கிழமையில் 5 நாள், நம்பிக்கை 8." இவ்வளவுதான். ஓரிரு நிமிடப் பேச்சு. புத்திமதி ஒன்றுகூட அதில் இல்லை, கேள்விகள் மட்டுமே. தெரிந்தெடுத்தவர் அந்தத் தாய்.

அவர் ஒரு நாளைக்குத் தேத்தண்ணியில் மட்டும் பத்துக் கரண்டி சீனி குடித்தார். மட்டக் கரண்டிக்கு 4 கிராம் வைத்தாலும் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் சிறந்த அளவு ஏறக்குறைய 25 கிராம். இரண்டு கரண்டி குறைவதால் மட்டும் சீனி இறங்கிவிடாது, உண்மை. ஆனால் சொன்னதைச் செய்து காட்டியவர் அடுத்த மாதம் பின்னேரத் தேத்தண்ணிக்கு வருவார், பிறகு பிட்டின் அளவுக்கு வருவார். ஒன்றைச் செய்து முடித்தோம் என்ற நம்பிக்கைதான் அடுத்ததைச் செய்யவைக்கிறது. வருடக்கணக்காக "உங்களால் முடியவில்லை" என்றே கேட்டுவந்தவருக்கு அந்த நம்பிக்கை மாத்திரை அளவுக்கு முக்கியம்.

இலக்கு எண்ணாக இருக்கவேண்டாம், செயலாக இருக்கட்டும் என்பது என் அடுத்த வேண்டுகோள். "அடுத்த முறை பாஸ்டிங் 120 க்குக் கீழ வரணும்" என்பது உங்களுக்குப் பயன்படும் குறி. நோயாளருக்கு அதில் பிடிமானம் இல்லை. காய்ச்சல், கவலை, நித்திரைக் குறைவு, மருந்து மாற்றம் என்று அவர் கைக்கு எட்டாத பலவும் அந்த எண்ணைக் கூட்டிக் குறைக்கும். எச்.பி.ஏ.1.சி. என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரி, இன்று செய்ததன் பலனை அது உடனே காட்டாது. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் நடப்பது அவர் கையில் இருக்கிறது. கருவாட்டை ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அந்தக் கறிக்கு வேறு உப்புப் போடாமல் விடுவது அவர் கையில் இருக்கிறது. இரவு மாத்திரையைச் சாமி விளக்கோடு அல்லது இஷாத் தொழுகையோடு சேர்த்துக்கொள்வதும் அப்படியே. நாளாந்தம் தவறாமல் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போட்ட இலக்கு மறக்காது.

இந்த மண்ணின் வாழ்க்கையை அறிந்தவர்கள் என்பதால் சில இலக்குகளை நீங்களே எடுத்துக் கொடுக்கவும் வேண்டும். கால்களைச் சொல்கிறேன். சீனி வருத்தத்தில் பாதம் மரத்துப்போனவர் வாவிச் சேற்றில் இறங்கி வலை இழுக்கிறார். சிப்பி வெட்டினாலும் கண்டல் வேர் குத்தினாலும் அவருக்குத் தெரிவதில்லை. வயலில் நிற்பவருக்கும் அதே கதிதான். காயம் புண்ணாகி, புண் அழுகி, விரலில் தொடங்கி முழங்கால் வரை வெட்டவேண்டி வந்த வீடுகளை நீங்கள் என்னைவிட அதிகம் அறிவீர்கள். "காலைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்க" என்பது போதாது. "வேலையால் வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பார்ப்பேன். எனக்குக் கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை பார்ப்பான். கீறல் கண்டால் அடுத்த நாளே வைத்தியசாலைக்கு வருவேன்" என்பதே இலக்கு. ஆடியில் கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவரிடமும், பாண்டிருப்பில் தீ மிதிக்க நேர்ந்தவரிடமும் இதை முன்கூட்டியே பேசுங்கள். பக்தியைக் குறைகூறாமல், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்து, எப்படிப் பாதுகாக்கலாம் என்று அவரோடு சேர்ந்து முடிவெடுங்கள்.

நோன்பும் அப்படித்தான். இன்சுலின் போடுபவரும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவரும் யாரையும் கேட்காமல் நோன்பு பிடித்தால் சீனி அபாயமாக இறங்கிவிடலாம். றமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பேசவேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டலிலும் உள்ளது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிக் கிளினிக்குகளில் அந்த நாட்களுக்கான ஒரு வரி இப்படி இருக்கலாம்: "எந்த எண்ணுக்குக் கீழே போனால் நோன்பைத் திறப்பேன் என்று தெரியும். வீட்டில் இன்னாருக்கும் சொல்லியிருக்கிறேன்."

மாரி காலத்தையும் மறக்கவேண்டாம். 2011 ஜனவரி வெள்ளத்தில் இந்த மாவட்டம் எப்படி மூழ்கியது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். "தண்ணி வளவுக்குள்ள வந்தா, கிளினிக் கொப்பியையும் இரண்டு கிழமை மாத்திரையையும் பொலித்தீன் பையில் கட்டி என்னோட எடுத்துப் போவன்." இப்படி நடந்தால் அப்படிச் செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தவர் அந்த நேரம் வரும்போது தடுமாறுவது குறைவு என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நேரமில்லை என்பீர்கள். காலை வரிசையின் நீளத்தை அந்த வரிசையில் இருந்தே பார்க்கிறேன். வைத்தியரின் நிமிடங்களை நான் கேட்கவில்லை. இந்தப் பேச்சுக்கு வைத்தியர் தேவையில்லை. பிரஷர் பார்க்கும் தாதி கேட்கலாம். ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் எடை பார்ப்பவர் கேட்கலாம். வீடு தேடி வரும் மருத்துவ மாது கேட்கலாம். இது நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்த வழி. இலங்கை, பங்களாதேசம், பாகிஸ்தான் மூன்றிலும் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரோடு நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2020 இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போய், பிரஷரை அளந்து, வாழ்க்கை முறை பற்றி வழிகாட்டினார்கள். தேவைப்பட்டவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இலங்கையில் அந்தப் பணியைச் செய்தவர்கள் நம் மருத்துவ மாதுக்கள். இரண்டு வருட முடிவில், வழமையான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களின் மேல் அமுக்கம் சராசரியாக 5.2 மில்லிமீற்றர் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒருவருக்குச் சிறிதாகத் தெரியும் இந்த எண், ஊர் முழுவதும் குறைந்தால் பாரிசவாதத்திலிருந்தும் மாரடைப்பிலிருந்தும் பலரைக் காப்பாற்றும்.

கடலுக்கு அப்பால் சென்னையிலும் சான்று உண்டு. வைத்தியர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சீனி வருத்தம் வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவான புத்திமதி மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவிலும் நடையிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. நம்மைப் போலவே சோறு உண்ணும் மனிதர்கள் அவர்கள். தொடர்ந்து விசாரிக்க ஆள் இருந்ததால் அவர்களால் முடிந்தது.

இன்னும் இரண்டு விடயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று, இந்த ஒரு வரி மருந்துக்கு மாற்று ஆகாது. சாப்பாட்டைக் குறைப்பதாக நோயாளர் சொன்ன வரியை மருந்து எழுதும் வைத்தியரும் வாசிக்கவேண்டும், மாத்திரையின் அளவு அதற்கேற்ப இருக்கவேண்டும். மற்றது, இது நோயாளரை விசாரிக்கும் இன்னொரு குற்றப்பத்திரமாகிவிடக் கூடாது. ஐந்து நாள் சொன்னவர் மூன்று நாள் செய்துவிட்டு வந்தால், "ஏன் ரெண்டு நாள் விட்டீங்க?" என்று அதட்டவேண்டாம். "அந்த ரெண்டு நாளும் என்ன நடந்த?" என்று கேளுங்கள். மரண வீடு வந்திருக்கலாம். கையில் காசில்லாமல் கிடைத்ததைச் சாப்பிட்டிருக்கலாம். போரில் கணவனை இழந்து, பிள்ளைகளுக்குப் போட்டபின் மிஞ்சியதை உண்ணும் தாய்மார் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர். அவர்களிடம் ஓட்ஸும் அப்பிளும் சொல்லிப் பயனில்லை. வளவில் நிற்கும் முருங்கையும் வேலியோரப் பொன்னாங்காணியும் வாவி மீனும் அவர்களின் இலக்குக்குள் வரட்டும். வீட்டில் சமைப்பவர் வேறொருவர் என்றால் அவரையும் ஒருமுறை கிளினிக்குக்குக் கூப்பிடுங்கள். சட்டியில் கரண்டி பிடிப்பவர் தெரிந்துகொள்ளாத இலக்கு நோயாளரின் நாக்கோடு நின்றுவிடும்.

எல்லாக் கிளினிக்கிலும் நாளையே தொடங்கச் சொல்லவில்லை. போதனா வைத்தியசாலை முதல் களுவாஞ்சிகுடி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகள் வரை, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் சிறு வைத்தியசாலைகள் வரை, ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரு தாதி, ஒரு கிழமை நாள், பத்து நோயாளர் என்று தொடங்கலாம். கொப்பியின் பக்கத்தில் ஒரு கோடு கீறி "இந்த மாதம் நான் செய்வது" என்று எழுதினால் போதும். அச்சடித்த படிவம் வரும் வரை காத்திருக்கவேண்டாம். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு ஒரு கோப்பையோ ஒரு செருப்போ வரைந்து கொடுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் மாதாந்தக் கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கட்டும். எந்த இலக்குகள் நடந்தன, எவை நடக்கவில்லை என்று மருத்துவ மாதுக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும்.

எங்கள் பக்கத்திலிருந்தும் வாக்குத் தருகிறோம். கொப்பியைப் பத்திரமாகக் கொண்டுவருவோம். செய்ததைச் செய்ததாகவும் செய்யாததைச் செய்யாததாகவும் சொல்வோம். கிளினிக் நாளுக்காக இரண்டு நாள் பட்டினி கிடந்து எண்ணை அழகாக்க மாட்டோம். கூட வரும் மக்களும் மருமக்களுமான நாங்கள் வெளியே மரத்தடியில் நின்று தொலைபேசி பார்க்காமல் உள்ளே வந்து, அந்த ஒரு வரி என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

அடுத்த கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். நாங்கள் பதில் சொல்லக் காத்திருக்கிறோம்.


வாவிக்கரையிலிருந்து
கிளினிக்குக்கு வரும் ஒரு தாயின் பிள்ளை